ரீச்சர் சொல்லித்தந்த சின்னச் சொற்கள்

சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். விளையாட்டுப் போட்டியைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பேனையை எடுத்ததும் நினைவுக்கு வந்தது எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடம். ரீச்சரின் பெயரை நான் எழுதத் தேவையில்லை. அவரிடம் படித்தவர்களுக்கு அடுத்த பந்தியிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

முதல் நாள் கரும்பலகையில் அவர் எழுதியது ஒரே ஒரு தமிழ்ச் சொல்: ‘கேள்’. இதற்கு ஆங்கிலம் என்ன என்றார். ஒருவன் ‘ஆஸ்க்’ என்றான். இன்னொருத்தி ‘ஹியர்’ என்றாள். பின்வரிசையிலிருந்து ‘லிசன்’ என்று ஒரு குரல் வந்தது. மூன்றும் சரி என்றார் ரீச்சர். அப்புறம் எங்களைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, திறப்பால் மேசையில் தட்டினார்.

“இப்ப காதில விழுந்ததுதானே, அது ஹியர். நீங்கள் விரும்பினாலும் விரும்பாட்டிலும் விழும். இனி எத்தனை தரம் தட்டுறன் எண்டு கவனமாக் கேட்டுச் சொல்லுங்கோ.”

ஏழு தரம் தட்டினார். சொன்னோம். “இப்ப நீங்கள் செய்ததுதான் லிசன்.”

அந்தச் சத்தம் இன்னமும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஹியரையும் லிசனையும் நான் மாற்றிச் சொன்னதே இல்லை. ‘பார்’ என்ற சொல்லையும் இப்படித்தான் பிரித்துக் காட்டினார். தானாகக் கண்ணில் படுவது சீ. கண்ணைத் திருப்பி நோக்குவது லுக். நடந்துகொண்டிருப்பதைத் தொடர்ந்து பார்ப்பது வாட்ச்.

ஆங்கிலச் சொல்லை எழுதி, பக்கத்தில் சமக்குறி போட்டு, ஒரு தமிழ்ச் சொல்லை எழுதுவதுதான் அதுவரை எங்கள் வழக்கம். அப்படி எழுதிய கொப்பியை அவர் திருத்தவே மாட்டார். ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் விட்டு, அது வரும் வசனங்களை எழுதிக்கொண்டு வரவேண்டும். தமிழைத் தள்ளிவைத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். ‘பிரிங்’, ‘டேக்’ இரண்டிலும் நாங்கள் தடுமாறியபோது, கொண்டு வா, கொண்டு போ என்று இரண்டே வார்த்தையில் தீர்த்துவைத்தவர் அவர். இரவல் வாங்குவது ‘பொரோ’, இரவல் கொடுப்பது ‘லென்ட்’. இதற்கு இலக்கண விளக்கம் எதற்கு? ‘வேர்’ (wear) என்ற ஆங்கிலச் சொல்லில் கதை தலைகீழ். நாம் சட்டை போடுவோம், சேலை உடுத்துவோம், பூச் சூடுவோம், கண்ணாடி மாட்டுவோம். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதும். ஆனால் போடுகிற அந்த நேரத்துச் செயல் ‘புட் ஒன்’, போட்டபடி இருப்பது ‘வேர்’ என்று மறக்காமல் சேர்த்துச் சொல்வார்.

எளிய சொல்லை வைத்தே மற்றச் சொற்களை விளக்குவது எவ்வளவு பெரிய வேலை என்பது பிற்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது. வங்காளத்தில் பல ஆண்டுகள் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், எண்டிகொட் என்பவரோடு சேர்ந்து 1935இல் மாணவர்களுக்காக ஓர் அகராதி வெளியிட்டார். அதில் சுமார் 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் பொருள் சொல்ல அவர்கள் பயன்படுத்தியவை 1,490 சொற்கள்தான். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1930இல், சி. கே. ஒக்டன் 850 சொற்களே கொண்ட ஓர் எளிய ஆங்கிலத்தை முன்வைத்தார். அதில் வினைச்சொற்கள் வெறும் 18! கம், கோ, கிவ், டேக், புட், கெட் என்று எல்லாமே ரீச்சர் எங்களைப் பக்கம் பக்கமாக எழுதவைத்த சொற்கள்.

வெளிநாடு வந்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கூட்டத்தில் விளக்கம் கேட்பதற்காகக் கையை உயர்த்தி ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்றேன். பொறுப்பாளரின் முகம் மாறிவிட்டது. தன் திட்டத்தை நான் நம்பவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். தமிழில் பாடத்திலும் சந்தேகம் கேட்கலாம், ஆள் மீதும் சந்தேகப்படலாம். அவருடைய காதில் ‘டவுட்’ என்றால் நம்பிக்கையின்மை மட்டும்தான். ‘ஐ ஹாவ் எ குவெஸ்சன்’ என்றிருந்தால் போதும். அன்று இரவு பழைய கொப்பியைத் தேடி எடுத்து, அந்தச் சொல்லுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

இப்போது வார இறுதியில், புதிதாக வந்த பெரியவர்கள் சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். திறப்பால் மேசையில் தட்டித்தான் தொடங்குவேன். ரீச்சர் ‘கெட்’ என்ற சொல்லுக்கு மட்டும் நாலு பக்கம் விடச் சொல்லியிருந்தார். கெட் அப், எழும்புவது. கெட் ஓவர், துயரத்திலிருந்தோ நோயிலிருந்தோ மீள்வது. கெட் அலோங், ஒத்துப்போவது. போன மாதம் வகுப்பில் ஒரு அம்மா, ‘யூஸ்ட் டு’ என்பதற்கும் ‘கெட் யூஸ்ட் டு’ என்பதற்கும் என்ன வித்தியாசம் தம்பி என்று கேட்டார். முதலாவது, முன்பு செய்தோம், இப்போது செய்வதில்லை. மற்றது, பழகிப்போவது. “அப்ப நான் இந்தக் குளிருக்கு ரெண்டாவது” என்றார் அவர். அதை அவர் வாயாலேயே ஆங்கிலத்தில் சொல்லவைத்து, நாலாம் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.