இரண்டு 47

அக்டோபர் 6

பறவைக் காய்ச்சல் இருக்கிறதா என்று காட்டு வாத்துகளைப் பிடித்துச் சோதிக்கும் வேலையில் இந்தப் பருவத்தின் முதல் நாள். விடியும்போது தானியம் போட்டு வைத்த கூண்டுப் பொறிக்குள் 23 வாத்துகள். ஊசிவால் வாத்துகள்தான் அதிகம், நடுவே நாலைந்து தட்டைவாயன்கள். முகக்கவசம், கண்ணாடி, இரட்டைக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பத்தே நிமிஷத்தில் கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிடுகிறது. மிச்ச வேலை தடவித் தடவித்தான்.

ஒவ்வொரு பறவைக்கும் இரண்டு பஞ்சுக்குச்சி. ஒன்று தொண்டைக்கு, இன்னொன்று எச்சம் வரும் துவாரத்துக்கு. வாத்துகளிடம் பறவைக் காய்ச்சல் வைரஸ் பெரும்பாலும் குடலில்தான் பெருகும். எச்சத்தோடு தண்ணீருக்குப் போய், குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கும். குச்சிகளின் நுனியை டியூபில் ஒடித்துப் போட்டு, மூடி, உடனே ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்த டியூப் 'வைரஸ் இல்லை' என்று சொன்னால் அதற்கு மதிப்பே கிடையாது.

புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு வால் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். இந்த ஆண்டு பொரித்த பறவைக்கு வாலிறகின் நுனி கத்தரியால் குதறியதுபோல் பிளந்திருக்கும். குஞ்சுப் பருவத்தில் நுனியில் ஒட்டியிருந்த தூவி ஒடிந்து விழுந்த தடம் அது. "எங்கே, எல்லாம் ஒரே மாதிரி இருக்கே" என்றான். வெளிச்சத்துக்கு நேராக விரித்துக் காட்டியதும் பிடிபட்டுவிட்டது. இளசுகள்தான் எங்களுக்கு முக்கியம். வைரஸையே பார்த்திராத உடம்பு. வலசைக்காகக் கூட்டம் கூடும் நாட்களில் இவற்றிடம்தான் தொற்று வேகமாகப் பரவும்.

அக்டோபர் 9

தென்கரையில் 14 வாத்துகள் செத்துக் கிடப்பதாகத் தகவல். காய்ச்சல்தான் என்று போகும் வழியிலேயே எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். 2005-இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்ததைப் படித்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. கையில் எடுத்தேன். கால்கள் துவண்டு தொங்கின. கழுத்தைத் தூக்கப் பார்க்கிறது, தலை நிற்கவில்லை, ஈரத்துணிபோல என் மணிக்கட்டில் சரிகிறது. கண் மட்டும் முழித்திருந்தது. பக்கத்தில் கிடந்த பிணத்தைப் புரட்டினால் அடியில் கொத்துக் கொத்தாய்ப் புழு.

அப்போதே பொட்டுலிசம் என்று நினைத்தேன். சேற்றிலுள்ள பாக்டீரியா செத்த உடலுக்குள் நஞ்சை உண்டாக்கும். அதைத் தின்னும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. புழுவைத் தின்னும் வாத்துக்குக் கழுத்து விழுந்துவிடும். தலையைத் தூக்க முடியாமல் அரையடித் தண்ணீரிலேயே மூழ்கிச் சாகும். பிறகு அதன் மேலும் புழு வைக்கும். அதனால் பிணங்களைப் பொறுக்கி அகற்றுவதுதான் முதல் வைத்தியம். மாலைவரை அதைத்தான் செய்தோம். கண்ணால் பார்த்துக் காய்ச்சலை ஒதுக்கிவிட முடியாது என்பதால் 14-க்கும் மாதிரி எடுத்தோம்.

அக்டோபர் 12

தென்கரை மாதிரிகளில் காய்ச்சல் வைரஸ் இல்லை.

பார்க்க வந்த ஒருவர், "இவ்வளவு பிடிச்சும் ஒண்ணும் சிக்கலையா?" என்று கேட்டார். ஏதோ மீன்பிடிக்கப் போய் வெறுங்கையோடு திரும்பியவனைக் கேட்பதுபோல. நூற்றுக்கு ஒரு பறவையிடம் வைரஸ் இருந்தால், 300 பறவைகளைச் சோதிக்கும்போது ஒன்றாவது சிக்க 95 சதவீத வாய்ப்பு உண்டு. ஆக, 300 'இல்லை' சேர்ந்தால்தான் 'இருந்தாலும் ஒரு சதவீதத்துக்குக் கீழே' என்று வாய் திறக்கலாம். நாங்கள் இன்னும் 112-இல் நிற்கிறோம்.

அக்டோபர் 15

தப்பு செய்துவிட்டேன்.

காற்று பலமாக இருந்தது. எண் எழுதுவதற்குள் பையிலிருந்த ஊசிவால் வாத்து திமிறியது. அதை அடக்கி, குச்சி எடுத்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டு, டியூபில் 47 எழுதினேன். அடுத்து வந்த தட்டைவாயனுக்கும் 47. மாலையில் எண்ணும்போதுதான் தெரிந்தது: 48 இல்லை, 47 இரண்டு.

கரையில் கிடக்கும் எச்சத்தை வழித்தெடுப்பது எவ்வளவோ சுலபம். பறவையைத் தொடக்கூட வேண்டாம். ஆனால் போட்டது எது, அதன் வயதென்ன என்று தெரியாதே என்றுதான் இத்தனை பாடுபட்டுப் பிடிக்கிறோம். பிடித்துக் கையில் வைத்திருந்ததை நானே தெரியாததாக்கிவிட்டேன். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே போதுமாக இருந்தது. இரண்டையும் 47அ, 47ஆ என்று குறித்து, நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன்.

அக்டோபர் 21

ஆய்வகத்திலிருந்து போன். 15-ஆம் தேதி மாதிரிகளில் ஒன்றே ஒன்றில், மரபணுத் துணுக்கைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை வைரஸைக் காட்டியிருக்கிறது. எந்த எண் என்று கேட்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

47ஆ. எல்லா இன்புளுயன்சா ஏ வைரஸுக்கும் பொதுவான மரபணு இருக்கிறது. எச்5, எச்7 வகைகள் இல்லை. கோழிப் பண்ணைகளைக் காலிசெய்யும் ரகமல்ல. நிம்மதிதான். ஆனால் சுமந்தது யார்?

அக்டோபர் 29

வழி இருந்தது! குச்சியில் வைரஸ் மட்டுமா வரும், பறவையின் செல்களும் ஒட்டிக்கொண்டு வருமே. அதிலிருந்து, எந்த இனம் என்று காட்டிக்கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் படித்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே இனமாக இருந்திருந்தால் இது உதவியிருக்காது.

ஊசிவால் வாத்து. ஏட்டைப் புரட்டினேன்: பெண், 780 கிராம், வாலிறகு நுனி பிளவு. தம்பி கையெழுத்து.

வைரஸை வளர்க்க, உள்ளே கரு வளரும் கோழி முட்டைகளில் செலுத்தியிருக்கிறார்களாம். வளர்ந்தால் எந்த வகை என்று தெரியும். இப்போதெல்லாம் 60 டியூபுக்கும் முந்தின இரவே எண் எழுதி வைத்துவிடுகிறேன்.