ஸ்லாஷ் வண்டிக்குப் பேட்டரி தேர்வு: ‘சி’ எண்ணும் அக மின்தடையும்

வெலினியான் 3500 மோட்டார் பூட்டிய என் டிராக்ஸஸ் ஸ்லாஷ், ரிமோட்டில் ஓட்டும் பின்சக்கர உந்து வகைக் கார், இப்போது முழுத் திராட்டிலிலும் திணறாமல் பாய்கிறது. மோட்டாரையும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.யையும் நான் தொடவே இல்லை. மாற்றியது பேட்டரி பேக்கை மட்டுமே. முன்பெல்லாம் நின்ற நிலையிலிருந்து திராட்டிலை முழுவதும் அழுத்தினால், சில மீட்டர் ஓடுவதற்குள் வேகம் பாதியாகி, ஈ.எஸ்.சி.யின் சிவப்பு விளக்கு மெல்ல மினுக்கத் தொடங்கிவிடும். அப்போதுதான் சார்ஜரிலிருந்து எடுத்த பேக்கிலும் இதே கதைதான் என்பதால், சார்ஜ் தீர்ந்தது காரணமாக இருக்க முடியாது. சுமை ஏறும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைக் காப்பதற்காக ஈ.எஸ்.சி.யில் உள்ள தாழ் மின்னழுத்தத் தடுப்பைத் தூண்டிவிடுகிறது என்பதே மிச்சமிருந்த விளக்கம்.

அந்தப் பழைய 2எஸ் (தொடராக இணைத்த இரண்டு செல்) பேக்கின் மேலுறையில் 5200 எம்.ஏ.எச்., 100 சி என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ‘சி’ என்பது கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு மின்னோட்டம் தர முடியும் என்று சொல்லும் எண். 5.2-ஐ 100-ஆல் பெருக்கிப் பார்த்தால் 520 ஆம்பியர். சார்ஜரில் அக மின்தடையை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு உள்ள தடையை, அளந்தபோது அதன் ஒரு செல் 11 மில்லி ஓம், மற்றது 16 மில்லி ஓம், ஆக மொத்தம் 27 காட்டியது. முழு சார்ஜில் உள்ள 8.4 வோல்ட்டை இதனால் வகுத்தால் வருவது ஏறத்தாழ 311 ஆம்பியர்தான். அதாவது இரு முனைகளையும் நேரடியாகச் சேர்த்துவிட்டால்கூட, உறையில் எழுதிய மின்னோட்டம் அதிலிருந்து வராது. வண்டி கிளம்பும் கணத்தில் 80 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், பேக்குக்குள்ளேயே 2.16 வோல்ட் தொலைகிறது, மோட்டாருக்கு 6.2 வோல்ட் அளவே மிஞ்சுகிறது. புதிதாக வாங்கிய 5000 எம்.ஏ.எச். பேக்கில் 50 சி என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் இரு செல்களும் சேர்ந்தே 5.3 மில்லி ஓம். அதே 80 ஆம்பியருக்கு இழப்பு 0.42 வோல்ட். பாதி எண் எழுதிய பேக்கில் வண்டி பறப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்த அளவீட்டை எப்படிச் செய்வது என்பதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன், அதில் பிடிவாதமாகவும் இருக்கிறேன். செல் சூடாக இருந்தால் அக மின்தடை குறைவாகவும், குளிர்ந்திருந்தால் அதிகமாகவும் காட்டும். ஆகவே ஓட்டி முடித்த கையோடு அளந்த எண்ணை, அறை வெப்பநிலையில் அளந்த எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை. முழு சார்ஜ் செய்து, ஒரு மணி நேரம் சும்மா வைத்திருந்து, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே சார்ஜரோடு இணைக்கும் பேலன்ஸ் பிளக்கின் ஊசிகளைத் துடைத்துவிட்டு, எப்போதும் ஒரே சார்ஜரில் அளக்கிறேன். ஊசியில் அழுக்கு ஒட்டியிருந்தால் அதன் தடையும் செல்லின் கணக்கில் ஏறிவிடுகிறது. சார்ஜருக்குச் சார்ஜர் எண் வேறுபடும் என்பதால் அடுத்தவரின் எண்ணைப் பார்த்து மகிழவோ வருந்தவோ வேண்டாம். உங்கள் பேக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். மொத்தத்தைவிட நான் கவனிப்பது இரு செல்களுக்கும் இடையிலான வித்தியாசத்தையே. சுமையில் எப்போதும் பலவீனமான செல்தான் முதலில் 3.2 வோல்ட்டுக்குக் கீழே போகிறது, அதுதான் முதலில் உப்புகிறது.

வாங்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலிக்கான் ஒயர், நல்ல சால்டர் ஈயம், அதிக மின்னோட்டம் தாங்கும் எக்ஸ்.டி. 90 பிளக் ஆகியவற்றுக்குச் சென்னை ரிச்சி தெரு போதும். லைப்போ பேக்கை மட்டும், பார்சல் வந்ததும் செல் மின்னழுத்தத்தை அளந்து பார்த்து, குறை இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடையில்தான் வாங்குகிறேன். 2016 ஏப்ரல் முதல், தனியாக அனுப்பப்படும் லித்தியம்-அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதில்லை; சரக்கு விமானத்திலும் 30 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. ஆகவே விமானத்தில் வந்த பேக் 4.1 வோல்ட் காட்டினால், அது ஏற்கெனவே யாரோ சார்ஜ் செய்து பார்த்த பேக்கோ என்று சந்தேகிக்கலாம். செல்களுக்கு இடையே 0.05 வோல்ட் வித்தியாசம் இருந்தாலும் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம்களைப் பளபளக்கும் அலுமினியத்தில் வாங்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வளைந்து கொடுக்கும் நைலான் ஆர்ம் அடியைத் தானே வாங்கிக்கொள்கிறது. அலுமினியமோ வளைந்து அப்படியே நின்றுவிடுகிறது, அல்லது அடியை, தான் பூட்டியிருக்கும் பல்க்ஹெட்டுக்குக் கடத்திவிடுகிறது. பணம் போட வேண்டிய இடம் பின்பக்க டிரைவ் ஷாஃப்ட். பிளாஸ்டிக் ஷாஃப்ட்டுகள் 2எஸ் வரை தாங்குகின்றன, 3எஸ் (மூன்று செல்) போட்டால் முறுக்கிக்கொள்கின்றன. எஃகு சி.வி.டி. ஷாஃப்ட் ஜோடிக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று.

எக்ஸ்.டி. 90 மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது. பேக் பக்கம் முடிந்தது, ஈ.எஸ்.சி. பக்கம் பாக்கி. சூட்டில் பிளாஸ்டிக் இளகி ஊசி கோணாமல் இருக்க, ஒயர் இல்லாத ஜோடிப் பிளக்கைச் செருகி வைத்துக்கொண்டுதான் சால்டர் செய்கிறேன். பேக்கில் ஒரு ஒயரை முழுக்க முடித்து உறை போட்ட பிறகே அடுத்ததைத் தொடுகிறேன். அது முடிந்ததும் 3எஸ். ஒரு வோல்ட்டுக்கு 3500 சுற்று வீதம், சுமையில்லாத நிலையில் 29,400 ஆக உள்ள சுழற்சி அப்போது நிமிடத்துக்கு 44,100 ஆகிவிடும் என்பதால், இப்போதுள்ளதைவிட இரண்டு பல் குறைந்த பினியனோடு (மோட்டார் அச்சில் உள்ள சிறு பற்சக்கரம்) தொடங்கி, மோட்டார் உறையின் வெப்பம் 90 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அளக்கப் போகிறேன்.