இடத்தைக் கொடுத்தால் மடம் போய்விடுமா?

"இன்னைக்கு இதுக்கு ஒத்துக்கிட்டா நாளைக்கு அது, நாளன்னைக்கு எல்லாமே போச்சு." டிவி விவாதத்தில் ஒருவர் இப்படி ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் "இது ஸ்லிப்பரி ஸ்லோப் (வழுக்குச் சரிவு வாதம்), தர்க்கப் பிழை" என்று முத்திரை குத்திவிடுவார். இருவருமே வேலையைப் பாதியில் விட்டவர்கள்தான். முதலாமவர் சரிவு எங்கே என்று காட்டவில்லை. இரண்டாமவர் அது இல்லை என்று காட்டவில்லை.

"இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவான்" என்கிற பழமொழியில் ஒரு விஷயம் சரியாக இருக்கிறது: மடத்தைப் பிடுங்க ஒரு ஆள் வேண்டும், அது தானாகப் போகாது. அதனால் இந்த வாதத்தைக் கேட்டதும் பார்க்க வேண்டியது, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தள்ளுவது எது என்பதைத்தான்.

கருணைக்கொலையை எடுத்துக்கொள்வோம். கனடா உச்ச நீதிமன்றம் 2015இல் கார்ட்டர் வழக்கில் மருத்துவ உதவியுடன் சாகும் உரிமையை ஏற்றது. அது சொன்ன காரணம், தீராத நோயும் தாங்க முடியாத வேதனையும். சாவு நெருங்கியிருக்க வேண்டும் என்று அது நிபந்தனை போடவில்லை. 2016இல் நாடாளுமன்றம்தான் "இயற்கைச் சாவு எதிர்பார்க்கக்கூடிய நிலை" என்ற வேலியைச் சேர்த்தது. 2019இல் கியூபெக் நீதிமன்றம் ஒன்று அந்த வேலி செல்லாது என்றது. 2021இல் சட்டமும் மாறியது. எதிர்த்தவர்கள் சொன்னபடியே நடந்துவிட்டது என்று பலர் இதைக் காட்டுவார்கள். கூர்ந்து பார்த்தால் வேலியைத் தள்ளியது 2015இல் சொன்ன காரணம்தான். வேதனைதான் அளவுகோல் என்றால், சாக இன்னும் இருபது வருஷம் இருப்பவரை எப்படி விலக்குவது?

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கதை வேறு. அங்கே 1997இல் அமலுக்கு வந்த சட்டம், ஆறு மாதத்துக்குள் சாவு என்று மருத்துவர்கள் கணித்தவர்களுக்கு மட்டுமே. மருந்தை நோயாளியே உட்கொள்ள வேண்டும். காத்திருப்புக் காலம், வசிப்பிட நிபந்தனை இரண்டும் தளர்ந்திருக்கின்றன. அந்த ஆறு மாதம் மட்டும் அசையவில்லை.

நம்முடைய உச்ச நீதிமன்றம் 2011இல் அருணா ஷான்பாக் வழக்கிலும் 2018இல் காமன் காஸ் வழக்கிலும் ஒப்புக்கொண்டது, உயிரைப் பிடித்துவைக்கும் சிகிச்சையை நிறுத்துவதை மட்டும். சிகிச்சை வேண்டாம் என்று சொல்லும் உரிமையை எவ்வளவு நீட்டினாலும் ஊசி போட்டு உயிரை எடுப்பதற்கு அது போதாது. இப்படிப்பட்ட சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலுக்கு, 2023இல் மாஜிஸ்திரேட் கையெழுத்துக்குப் பதில் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும் என்று எளிதாக்கினார்கள். அது நடைமுறையில் வந்த தளர்வு. காரணம் அப்படியே இருக்கிறது.

"இதை விட்டால் சொத்துக்காகப் பெத்தவங்களையே முடிச்சுடுவாங்க" என்பது இங்கே வழக்கமாக வரும் அடுத்த வரி. இந்த மாதிரி வரி வந்தால் ஒரு தாளில் நடுப்படிகளை எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு படிக்கும், முந்தையது நடந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று போடுங்கள். எல்லாப் படிக்கும் 80 கொடுத்தால்கூட ஐந்து படி தாண்டும்போது 33தான் மிஞ்சும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு, படிகளைத் தனித்தனியாக மதிப்பிடுவது. ஒன்று நடந்தால் அடுத்தது சுலபமாகும் இடங்களில் 80 என்பது 95 ஆகலாம். அப்போது ஐந்து படிக்குப் பிறகும் 77 நிற்கும். எண்ணைச் சொல்லச் சொன்னாலே பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அடிவாரத்தில் இருப்பதாகச் சொல்லும் பயங்கரம், முதல் படி இல்லாமலேயே நடக்கிறதா? படுத்த படுக்கையான முதியவர்களைக் குடும்பத்தாரே சாகடிக்கும் விருதுநகர் பக்கத்துத் தலைக்கூத்தல் எந்தத் தீர்ப்புக்காகவும் காத்திருக்கவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுப்பதற்குச் சட்டத்தில் இடம் தேவைப்படவில்லை. அதைத் தடுக்க வேண்டியதுதான், ஆனால் அது வேறு வாதம்.

"கோடு எங்கே போடுவது என்று தெளிவாக இல்லை, அதனால் கோடே நிற்காது" என்பதும் இதன் தம்பிதான். 1989இல் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆனது. 18க்கு ஒரு நாள் குறைவான பிள்ளைக்கும் 18 முடிந்த பிள்ளைக்கும் அறிவில் வித்தியாசம் கிடையாது. ஆனாலும் இத்தனை வருஷத்தில் அந்த எண் 17க்குக்கூட இறங்கவில்லை, தள்ளுவதற்கு ஆள் இல்லை.