ஒரு தண்ணீர் லாரி, ஏழு குறுஞ்செய்திகள்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு எதிர் வீட்டு அம்மா கதவைத் தட்டினார். கையில் கைபேசி. "இது உன் அலுவலகத்திலிருந்துதானே வருகிறது? ஏழு லாரி வருகிறதா, ஒரே லாரி ஏழு முறை வருகிறதா? சங்கச் செயலாளர் சம்ப் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார்" என்றார். வாங்கிப் பார்த்தேன். உங்கள் தண்ணீர் லாரி இரண்டு கிலோமீட்டர் தொலைவில் வந்துகொண்டிருக்கிறது என்ற ஒரே வாசகம், ஒரே வண்டி எண், ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக ஏழு குறுஞ்செய்திகள். எட்டாவது வருவதற்குள் மடிக்கணினியைத் திறந்து எல்லாவற்றையும் நிறுத்தினேன். காபி அடுப்பில் பொங்கி வழிந்தது வேறு கதை.

நான் வேலை பார்ப்பது பெருங்குடியில் உள்ள ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில். தனியார் தண்ணீர் லாரிகளில் பொருத்தப்பட்ட ஜிபிஎஸ் பெட்டிகளிலிருந்து இருப்பிடத் தகவலைச் சேகரிப்பது எங்கள் தொழில். பழைய மகாபலிபுரம் சாலையில் குடியிருப்பவர்களுக்கு லாரியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய சென்னை ஏரிகள் நான்கும் வறண்டபோது, இந்தச் சாலையில் இருந்த சில அலுவலகங்கள் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. லாரி இப்போது எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ள இங்கே எந்நேரமும் ஆள் உண்டு.

எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை கேட்பதற்கு எளிமையானது. ஒவ்வொரு பெட்டியும் 30 நொடிக்கு ஒருமுறை இருப்பிடத்தை அனுப்பும். அது காஃப்கா என்ற செய்திச் சேமிப்பு மென்பொருளில் வரிசையாகச் சேரும். அங்கிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கிண்டியில் இருக்கும் இன்னொரு நிறுவனத்தின் சர்வரை ஜிஆர்பிசி என்ற தொலை அழைப்பு முறையின் வழியாக அழைத்துக் கொடுக்க வேண்டும். லாரி எந்தக் குடியிருப்பின் இரண்டு கிலோமீட்டர் வட்டத்துக்குள் நுழைகிறது என்று கணக்கிட்டுக் குறுஞ்செய்தி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. ஒரு வாரம் போதும் என்று மதிப்பீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஐந்து வாரம் ஆயிற்று.

தொலைவில் இருக்கும் கணினியின் செயற்கூறை, நம் நிரலுக்குள்ளேயே இருக்கும் ஒன்றைப்போல அழைப்பதுதான் ஆர்பிசி. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்த பிரெல், நெல்சன் இருவரும் 1984-இல் எழுதிய கட்டுரை இதன் அடிப்படைகளுள் ஒன்று. 2015-இல் கூகுள் வெளியிட்ட ஜிஆர்பிசி அதே எண்ணத்தை இணையத் தகவல் பரிமாற்றத் தரமான ஹெச்டிடிபி/2-இன் மேல் கட்டியது. செய்தியின் வடிவத்தை ஒரு புரோட்டோ கோப்பில் எழுதிவிட்டால், அழைக்க வேண்டிய நிரலை அதுவே உருவாக்கித் தருகிறது. ஒரு வரியில் அழைக்கலாம், ஒரு வரியில் விடை வரும். பெருங்குடியிலிருந்து கிண்டிக்கு நடுவில் ஒரு கம்பி இருக்கிறது என்பதே மறந்துபோகிறது. எனக்கும் மறந்துதான் போயிற்று.

சோதனையில் ஓர் அழைப்புக்கு 40 மில்லி நொடி. லாரிகள் குறைவாக ஓடும் நேரம் பார்த்து ஞாயிறு மாலை வெளியிட்டோம். இரவு பதினோரு மணிவரை பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

என்ன நடந்தது என்பதைப் பதிவேடுகளைப் புரட்டிக் கோக்க இரண்டு நாள் பிடித்தது. நள்ளிரவுக்குப் பிறகு லாரி ஓடவில்லை, எனவே அழைப்பும் இல்லை. இடையில் இருந்த ஃபயர்வால் என்ற பாதுகாப்பு அரண், சில நிமிடம் சும்மா கிடந்த இணைப்பைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. நீக்கியதை இரு முனைக்கும் சொல்லவில்லை. அதிகாலை ஐந்து மணிக்கு முதல் லாரி கிளம்பியதும் எங்கள் நிரல் செத்துப்போன இணைப்பில் அழைத்துவிட்டுக் காத்திருந்தது. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று நான் எழுதவில்லை. எழுதாவிட்டால் ஜிஆர்பிசிக்குக் காலக்கெடுவே கிடையாது. எங்கள் கணினியின் இயங்குதளமான லினக்ஸ் தன் வழக்கப்படி 15 முறை மறுபடி அனுப்பிப் பார்த்துவிட்டு, ஏறக்குறைய கால் மணி நேரம் கழித்துத்தான் இந்த இணைப்பு தேறாது என்று கைவிட்டது. அதுவரை பிழை என்று ஒரு வரிகூடப் பதிவாகவில்லை. எந்த எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. அமைதியாக இருந்ததுதான் பிழை.

அந்தக் கால் மணி நேரத்தில் வரிசையில் ஆயிரத்து எண்ணூறு இருப்பிடங்கள் தேங்கிவிட்டன. புது இணைப்பு கிடைத்ததும் நிரல் பசியோடு பாய்ந்தது. காஃப்கா ஒரு தடவைக்கு அதிகபட்சம் 500 செய்திகளை எடுத்துக் கொடுக்கும். அதுவும் நாங்கள் மாற்றாமல் விட்ட இயல்பு மதிப்பு. சோதனையில் வரிசை எப்போதும் காலியாகவே இருந்ததால் தடவைக்கு நான்கைந்துதான் வந்துகொண்டிருந்தன. 500 என்ற எண்ணை நாங்கள் கண்ணால் கண்டதே அன்றுதான். அதே நேரத்தில் கிண்டி சர்வர் குறுஞ்செய்தி அனுப்பி முடிக்கும்வரை ஒவ்வொரு அழைப்பையும் பிடித்து வைத்திருந்தது. 40 மில்லி நொடி 700 ஆகிவிட்டது. 500 அழைப்பு, தலா 0.7 நொடி, மொத்தம் 350 நொடி. காஃப்காவோ 300 நொடிக்குள் அடுத்த தொகுதியைக் கேட்டு வராத நிரலை, அந்த வரிசையைப் பங்கிட்டுப் படிக்கும் நிரல்களின் குழுவிலிருந்து விலக்கிவிடும்.

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நிரல் உயிரோடு இருக்கிறது என்று காட்டும் இதயத்துடிப்பை, நிரலுக்குள் இணையாக ஓடும் ஒரு தனி இழை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஆகவே கண்காணிப்புத் திரையில் பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் வேலை செய்யும் இழை ஐந்து நிமிடமாகத் திரும்பி வரவில்லை என்பதை அதே நிரல் தானே கவனித்து, நான் விலகுகிறேன் என்று குழுவிடம் சொல்லிவிடுகிறது. நாங்கள் 500-ஐயும் முடித்த பிறகே எதுவரை படித்தோம் என்ற குறியைப் போட்டு வந்தோம். முடிவதற்குள் விலக்கப்பட்டதால் குறி விழவில்லை. பக்கத்திலிருந்த இரண்டாவது நிரல் அதே 500-ஐ முதலிலிருந்து எடுத்தது. அதுவும் ஐந்து நிமிடத்தில் விலக்கப்பட்டது. மறுபடி முதல் நிரல். கிண்டி சர்வரின் கண்ணுக்கு, அந்த லாரி வட்டத்துக்கு வெளியே போய்ப் போய் உள்ளே நுழைந்தது, ஏழு முறை. அது தன் கடமையை ஏழு முறை செய்தது.

செவ்வாய்க்கிழமை கிண்டிக்காரரோடு தொலைபேசியில் பேசினேன். "மேடம், நீங்கள் அனுப்பியதற்குத்தான் நாங்கள் செய்தி அனுப்பினோம்" என்றார். மறுக்க வழியில்லை. "சார், அழைப்பை முக்கால் நொடி பிடித்து வைக்காதீர்கள், வாங்கிக்கொண்டு உடனே விடை சொல்லிவிடுங்கள், குறுஞ்செய்தியைப் பிறகு அனுப்பலாமே" என்றேன். அதையும் அவர் மறுக்கவில்லை. யார் குற்றம் என்று அரை மணி நேரம் நாசூக்காகப் பேசிவிட்டு வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டோம்.

சும்மா கிடக்கும் இணைப்பை உயிரோடு வைக்க முதலில் நான் செய்த காரியம் இன்னொரு அபத்தம். பத்து நொடிக்கு ஒரு பிங், அதாவது இருக்கிறாயா என்று கேட்கும் சிறு செய்தி, அனுப்பும்படி எங்கள் பக்கத்தில் அமைத்தேன், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல். ஜிஆர்பிசி சர்வர்கள் இயல்பாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு பிங்கைத்தான் பொறுத்துக்கொள்ளும். சில பிங்குகளுக்குள் கிண்டி சர்வர் எங்கள் இணைப்பைத் துண்டித்தது. துண்டிக்கும்போது ஹெச்டிடிபி/2 தரத்தில் உள்ள ஒரு பிழைக் குறியை அனுப்பியது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால், கொஞ்சம் அமைதியாக இரு என்று வரும். இருபது ஆண்டு அனுபவத்தில் ஒரு சர்வர் எனக்குச் சொன்ன மிக நியாயமான அறிவுரை அதுதான். பிறகு முறையாகப் பேசி, அவர்கள் ஒரு நிமிட இடைவெளியை அனுமதிக்க, நாங்கள் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தோம். அழைப்பே இல்லாத நேரத்திலும் பிங் போக வேண்டும் என்பதற்கு இரு பக்கமும் தனித்தனியாக ஓர் அமைப்பு இருக்கிறது. அதை விட்டுவிட்டால் இரவில் பிங்கும் தூங்கிவிடும்.

ஓர் அழைப்புக்கு இரண்டு நொடி காலக்கெடு வைத்தேன். தவறினால் மேலும் இரண்டு முயற்சி. ஒரு தடவைக்கு 500 என்பதை 50 ஆக்கினேன். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலிப் பையன் என் மேசைக்கு வந்து, "அக்கா, 50 செய்தி, மூன்று முயற்சி, இரண்டு நொடி. பெருக்கினால் சரியாக 300 வருகிறதே" என்றான். வாயடைத்துப் போனேன். அதே பள்ளத்தைச் சுற்றி நடந்து வந்து அதிலேயே விழ இருந்தேன். 40 என்று மாற்றினோம். 240 நொடி. முயற்சிகளுக்கு இடையே காத்திருக்கவும் இடம் கிடைத்தது.

காலக்கெடு வைத்ததால் ஒரு புதுச் சிக்கலும் சேர்ந்தது. இரண்டு நொடி தாண்டியது என்று பிழை வந்தால், கிண்டி சர்வர் அந்த வேலையைச் செய்யவில்லை என்று பொருளில்லை. செய்துவிட்டு, விடை மட்டும் தாமதமாகியிருக்கலாம். மறுபடி அனுப்பினால் மறுபடி குறுஞ்செய்தி போகும். இதைக் குழாயின் இந்த முனையில் சரிசெய்ய முடியாது. புரோட்டோ கோப்பில் புதிய எண்ணோடு ஒரு புலத்தை, அதாவது ஒரு தகவல் கட்டத்தை, சேர்த்து, பெட்டி இருப்பிடத்தைப் பதிந்த நேரத்தையும் அனுப்பத் தொடங்கினோம். ஒரு லாரிக்குக் கடைசியாக வந்த நேரத்தைவிடப் புதிதல்லாத எதையும் அவர்கள் இப்போது ஓசையின்றித் தள்ளிவிடுகிறார்கள். பழைய புலங்களின் எண்களை மட்டும் தொடவே கூடாது. கம்பியில் போவது புலத்தின் பெயர் அல்ல, எண்தான். இதைச் சேர்த்துச் சோதித்து இரு பக்கமும் வெளியிடத்தான் மூன்று வாரம் போயிற்று. மற்றவை எல்லாம் ஓரிரு வரி மாற்றங்கள்.

பிழைகளையும் பிரித்தோம். சர்வர் கிடைக்கவில்லை என்ற பிழை எண் 14, காலக்கெடு தாண்டியது என்ற 4, இவை இரண்டுக்கும் மறுமுயற்சி உண்டு. செய்தியே தவறு என்ற 3 வந்தால் ஆயிரம் முறை அனுப்பினாலும் அதே விடைதான், எனவே அது ஓர் ஓர வரிசைக்குப் போய்விடும். அப்படி ஒதுங்கியவற்றில் பெரும்பாலானவை அட்சரேகை பூச்சியம், தீர்க்கரேகை பூச்சியம் என்று வந்தவை. பெட்டிக்கு மின்சாரம் துண்டாகி மறுபடி வந்ததும், செயற்கைக்கோள் பிடிபடும்வரை அது பூச்சியத்தையே அனுப்புகிறது. வரைபடத்தில் அந்த இடம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில். முன்பு புரோட்டோவின் மூன்றாம் வடிவத்தில், பூச்சியம் என்று வந்ததா, ஒன்றுமே வரவில்லையா என்று பிரித்தறிய முடியாதபடி எழுதியிருந்தோம். இரு புலங்களையும் காலியாகவும் விடக்கூடிய விருப்பப் புலங்களாக அறிவித்த பிறகுதான் வேறுபாடு தெரிந்தது.

இப்போது வாரம் ஒருமுறை அந்த ஓர வரிசையைப் பார்ப்பது என் வேலை. ஞாயிறு தவிர நாள்தோறும் மாலை நான்கு மணிக்குச் சற்று முன்பின்னாக ஒரே லாரி அட்லாண்டிக்குக்குப் போகிறது, சில நிமிடத்தில் சோழிங்கநல்லூருக்குத் திரும்பி வந்துவிடுகிறது. பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுநர் எங்கேயோ நிழலில் நிறுத்தி தேநீர் குடிக்கிறார் என்பது பையனின் கணிப்பு. உரிமையாளருக்கு அனுப்பும் வாராந்தர அறிக்கையில் இதைச் சேர்க்கலாமா என்று கேட்டான். தேவையில்லை என்றேன்.