தாரின் பின்பக்க ஷாக் மாற்றம்: ஒரு நாட்குறிப்பு

2025 ஜனவரி 5, ஞாயிறு

தார்ச்சாலை முடிகிற இடத்தில்தான் என் மகிந்திரா தார் ஜீப்புக்கு வேலை தொடங்குகிறது. தாண்டிக்குடிப் பக்கம் பிரதான சாலையிலிருந்து எங்கள் காப்பித் தோட்டத்துக்குச் செல்லும் ஆறு கிலோமீட்டர் மண்பாதையில், 2012ஆம் ஆண்டு வாங்கிய இந்தப் பழைய சிஆர்டிஇ (டீசல்) வண்டி இன்று நான்கு மூட்டைகளோடு, அதாவது ஏறத்தாழ 200 கிலோ சுமையோடு இறங்கியது. முதல் இரண்டு கிலோமீட்டர் வரை குறையொன்றுமில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்பக்கம் மூன்று, நான்கு முறை எழுந்து அமர்ந்தது. ஒரு வளைவில் பின்சக்கரங்கள் தரையை விட்டு வெளிப்பக்கமாக ஒரு சாண் நகர்ந்தபோது, அருகில் இருந்த அப்பா எதுவும் பேசாமல் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். கீழே வந்து நிறுத்தி ஷாக்கின் (ஷாக் அப்சார்பர், அதாவது குலுக்கலை அடக்கும் எண்ணெய்க் குழாய்) உடலைத் தொட்டேன்; விரலை வைக்க முடியாத சூடு. இடது ஷாக்கின் தண்டோரம் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து களிம்பாகப் படிந்திருந்தது.

ஜனவரி 8, புதன்

வத்தலக்குண்டில் வழக்கமாகப் பார்க்கும் பட்டறைக்குக் கொண்டுசென்றேன். பின்பக்கம் தாழ்ந்து தெரிவதால் பட்டை ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை சேர்த்துவிடலாம் என்றார் பட்டறை அண்ணன். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எடையைத் தாங்குவது பட்டை. பட்டையின் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக். தாங்குவதில் எனக்குக் குறையில்லை, அடங்காமல் ஆடுவதுதான் குறை. இன்னொரு பட்டை சேர்த்தால் சுமையில்லாத நாட்களில் வண்டி கல்லைப்போல் குதிக்கும்.

இப்போது இருப்பவை இரட்டைக் குழாய் ஷாக்குகள். ஆட்டத்தின் ஆற்றலெல்லாம் வால்வுத் துளைகளில் எண்ணெய் நெருக்கிப் பாயும்போது வெப்பமாக மாறுகிறது; அந்த வெப்பம் உள்குழாய், எண்ணெய், வெளிக்குழாய் என்று மூன்றையும் கடந்துதான் காற்றுக்குப் போக வேண்டும். இடைவிடாத குலுக்கலில் எண்ணெயோடு உள்ளிருக்கும் காற்று கலந்து நுரைத்துவிட்டால், பிஸ்டன் நுரையைத்தான் தள்ளிக்கொண்டிருக்கும். முதல் இரண்டு கிலோமீட்டர் மட்டும் நன்றாக இருந்ததன் காரணம் இதுவே. ஒற்றைக் குழாய் வகையில் எண்ணெயையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைப்பதால் நுரைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. குழாயின் சுவர் நேரடியாகக் காற்றில் ஆறவும் செய்கிறது. அதன் பலவீனம், கல் பட்டுக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் அந்த இடத்திலேயே சிக்கிவிடும் என்பது. எங்கள் பாதையில் கல்லுக்குப் பஞ்சமில்லை என்றாலும், ஒற்றைக் குழாயையே தேர்ந்தேன். தகட்டுக் காப்பு ஒன்று பட்டறையிலேயே வளைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 12, ஞாயிறு

வாங்குவதற்கு முன் அளக்க வேண்டும். இரண்டு ஷாக்குகளையும் கழற்றிவிட்டு, இடது பின்சக்கரத்தைத் தோட்டத்து மேட்டில் ஏற்றி, பம்ப் ஸ்டாப் ரப்பர் (அச்சு சட்டத்தில் மோதாமல் தடுக்கும் கட்டை) ஹவுசிங்கை, அதாவது பின் அச்சுக் கூட்டைத் தொடும் வரை நகர்த்தினேன். வலது சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. ஷாக்கின் மேல்கண் மாட்டும் இடத்தின் நடுவிலிருந்து கீழ்க்கண் மாட்டும் இடத்தின் நடுவரை இடப்பக்கம் 328 மி.மீ., வலப்பக்கம் 515 மி.மீ. சமதரையில் வெறும் வண்டியாக 412. பக்கம் மாற்றி ஏற்றியபோது இரண்டு மி.மீ.க்கு மேல் வேறுபாடில்லை. வேகமாகப் பள்ளத்தில் விழும்போது ரப்பர் இன்னும் இருபது மி.மீ.யாவது நசுங்கும் என்பதால், மூடிய நிலையில் ஷாக்கின் நீளம் 308க்குக் குறைவாக இருப்பது அவசியம். தொங்கிய பக்கத்தில் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பார்த்தேன்; இரண்டு விரல் தளர்வு இருந்தது.

ஜனவரி 18, சனி

பொங்கல் முடிந்து முதல் வேலையாக வாங்கச் சென்ற கடையில், "வண்டியை ரெண்டு இன்ச் உயர்த்துற லிஃப்ட்டுக்குப் போடறது சார், எல்லாத் தாருக்கும் உட்காரும்" என்று ஒரு ஜோடியை எடுத்து வைத்தார்கள். டேப்பை வைத்தேன். மூடிய நீளம் 342. இதை மாட்டியிருந்தால் பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே ஷாக்கின் அடி முட்டி, முழு அடியையும் மேல் மவுண்ட் வாங்கியிருக்கும். நல்ல ஷாக்குகளே மூன்று மாதத்தில் உடைந்ததாகக் குறைப்படும் பலரின் கதை இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். வேறு கடையில் 300 மூடியும் 525 விரிந்தும் உள்ள ஜோடி கிடைத்தது. தண்டின் விட்டம் 14 மி.மீ.

ஜனவரி 19, ஞாயிறு

வலது கீழ் போல்ட், ஷாக்கின் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு துருவேறி ஒன்றாகிவிட்டிருந்தது. டீசல் ஊற்றி, சுத்தியால் தட்டி, ஒரு மணி நேரம் போராடிய பின் கிரைண்டரால் அறுத்தோம். மற்றவை எளிது.

ஜனவரி 20, திங்கள்

வண்டி அசைந்தாலே பின்னால் கிறீச்சென்றது. தவறு என்னுடையது. நேற்று ஹவுசிங் ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருந்தபோதே நான்கு போல்ட்களையும் முழுவதும் இறுக்கிவிட்டேன். அந்த நிலையில் பிடிபட்ட ரப்பர் புஷ்கள் வண்டி தரைக்கு இறங்கியதும் நிரந்தரமாக முறுக்குண்டே நிற்கும். சத்தமும் வரும், சீக்கிரம் கிழிந்தும் போகும். தளர்த்தி, சக்கரங்கள் தரையில் நிற்க, பின்பக்கத்தைக் கையால் சிலமுறை அழுத்திவிட்டு மறுபடி இறுக்கினோம். சத்தம் நின்றது.

பின்பக்கம் 9 மி.மீ. உயர்ந்திருப்பதைப் பார்த்துப் பட்டறை அண்ணன் சிரித்தார்: "ஷாக் எடை தாங்காதுன்னு சொன்னீங்களே?" உண்மையில் இது வாயு தண்டை வெளியே தள்ளும் விசை. 14 மி.மீ. தண்டின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 1.54 சதுர சென்டிமீட்டர். உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ அழுத்தம் என்று கொண்டால், ஒன்றுக்கு 31 கிலோ வீதம் இரண்டுக்கும் அறுபது கிலோ சொச்சம். சாய்வாக நிற்பதால் சற்றுக் குறையும். நான் சொன்னது முழுச் சரியில்லை என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

அதே பாதை, அதே நான்கு மூட்டைகள். பள்ளத்தில் விழுந்த பின்பக்கம் ஒருமுறை எழுந்து அப்படியே நின்றது. ஆறாவது கிலோமீட்டரிலும் அதே பிடிப்பு. ஷாக் சூடாக இருந்தாலும் கை வைக்க முடிந்தது.

வெறும் வண்டியாகத் திரும்பி ஏறியபோது மட்டும் ஒரு குறை. நெருக்கமான அலைமேடுகளில் பின்பக்கம் மெல்லமெல்லத் தாழ்ந்து விறைத்தது. எழும்பும் திசையில் ஷாக்கின் பிடி அதிகமாக இருப்பதால், ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் முழுவதும் நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. வால்வை மாற்றியமைக்கும் வசதி இதில் இல்லை. பின்டயர்களின் காற்றை 32இலிருந்து 24க்கு இறக்கிப் பார்த்தேன். முழுவதும் போகவில்லை, ஆனால் பல் கிட்டிப்பது நின்றது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியாயிற்று. தண்டுகளில் எண்ணெய்க் கசிவு இல்லை. தகட்டுக் காப்பில் இரண்டு புதிய நசுங்கல்கள் உள்ளன. குழாயில் ஒன்றும் இல்லை. இடது கீழ் நட்டு மட்டும் கால் சுற்று இறுகியது. நட்டிலிருந்து போல்ட் வரை மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். இனிக் குனிந்து பார்த்தாலே நகர்ந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.