கம்பிவேலிக்குப் பின்னால் ஒரு கேமரா

ஏப்ரல் 5, 2025, சனி

இன்றைக்கு எடுத்ததை ராத்திரி உட்கார்ந்து முழுசாகப் போட்டுப் பார்த்தேன். பந்தைக் காணோம்.

சாஃப்ட்பால் சீசனின் முதல் ஆட்டம். சின்னவள் இந்த வருஷம் 12 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு ஏறியிருக்கிறாள். போன வருஷம் வரை 11 அங்குலச் சுற்றளவுப் பந்து, 35 அடியிலிருந்து வீச்சு. இப்போது 12 அங்குலப் பந்து, 40 அடி. எல்லாமே பெரிதாகிவிட்டதே என்று அவளுக்கு உள்ளுக்குள் பயம். தான் ஆடுவதைத் தானே பார்த்தால் அந்தப் பயம் தெளியும் என்று தோன்றியது. அதற்காகத்தான் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இந்த ஆக்ஷன் கேமராவை முக்காலியில் மாட்டி, பந்தை அடித்தவர் முதலில் ஓடிச் சேரவேண்டிய முதல் பேஸ் பக்கம், பெஞ்சுக்கு அருகில் வைத்தேன்.

படத்தில் வானம் இருக்கிறது, புல் இருக்கிறது, பிள்ளைகள் எறும்பு எறும்பாக இருக்கிறார்கள். பந்தின் விட்டம் 10 சென்டிமீட்டருக்கும் குறைவு. அவுட்ஃபீல்டில் 60 மீட்டர் தள்ளிப் போனதும் 1080 புள்ளி உயரமுள்ள படத்தில் அது இரண்டு புள்ளி அகலம்தான். இந்த வகை லென்ஸ் எல்லாவற்றையும் அகலமாக வாரிப்போட்டுக்கொள்ளும். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துத் தராது. நான் நின்ற இடமே தப்பு.

ஏப்ரல் 6, ஞாயிறு

மைதானம் காலியாக இருந்தது. ஒரு மணி நேரம் வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

சரியான இடம், பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால் இருக்கும் கம்பிவேலி. அங்கிருந்து பார்த்தால் பந்து வீசும் பிட்சர், அடிக்கும் பேட்டர், அவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர், நான்கு பேஸ் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் அடங்கும். இடுப்பு உயரத்தில் வைத்தால் அம்பயரின் முதுகு பிட்சரை மறைத்துவிடும். அதனால் 7 அடி உயரம். கம்பிக்கு நாலு விரல் பின்னால் தள்ளி வைத்தால் படம் முழுக்கச் சாம்பல் நிறப் பட்டையாகக் கம்பி ஓடுகிறது. கம்பியோடு ஒட்டி, கண்ணியின் நட்டநடுவில் லென்ஸ் வருமாறு வைத்தால் கம்பி அநேகமாக மறைந்துவிடுகிறது. மூலைகளில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. மீன்கண் வளைவை நிமிர்த்தும் லீனியர் முறைக்கு மாற்றியதும் அதுவும் போயிற்று.

லென்ஸின் முகம் வேலியைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர்கூட உள்ளே நீட்டக் கூடாது. கேட்சரைத் தாண்டிய பந்து வந்து மோதுவது இந்த வேலியில்தான். கிளாம்ப் நழுவினாலும் கேமரா யார் தலையிலும் விழாதபடி ஒரு கயிற்றால் தனியாகக் கட்டிவிட்டேன்.

ராத்திரி கோச்சிடமும் எல்லாப் பெற்றோரிடமும் கேட்டுவிட்டேன். அணிக்குள் மட்டும்தான், வெளியே எங்கேயும் போடமாட்டேன் என்று சொன்னதும் எல்லோரும் சம்மதித்தார்கள். ஒருவர் மறுத்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

ஏப்ரல் 12, சனி

படம் வந்துவிட்டது! பிட்சரின் கை சக்கரம் மாதிரி முழுசாக ஒரு சுற்று வருவது, பேட் இறங்குவது, கேட்சர் முழங்கால் மடக்குவது எல்லாம் தெரிகிறது.

சாயங்கால ஆட்டம் என்பதால் வெளிச்சம் இறங்க இறங்கப் பந்து மஞ்சள் கோடாக இழுபட ஆரம்பித்தது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர். ஷட்டர் நொடியில் 120-இல் ஒரு பங்கு திறந்திருந்தால், அதற்குள் பந்து கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதாவது தன் விட்டத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 960-இல் ஒரு பங்காக வைத்தால் 2 சென்டிமீட்டர்தான். படம் இருட்டடிக்கும், கொஞ்சம் மணல் தூவியது மாதிரி இருக்கும். பரவாயில்லை, பந்து பந்தாகத் தெரிந்தால் போதும்.

ஏப்ரல் 19, சனி

மூன்றாவது இன்னிங்ஸில் கேமரா சூடாகி நின்றுவிட்டது. அதே இன்னிங்ஸில்தான் சின்னவள் அடித்த பந்து, இரண்டாவது மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் தலைக்கு மேலே போனது. அவள் திரும்பி வேலியைப் பார்த்துச் சிரித்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். மனசு ஆறவில்லை.

ஓடுகிறவர் மேலும் சைக்கிள் மேலும் இருக்கும்போது காற்று பட்டுப் பட்டு இந்தக் கேமரா ஆறிக்கொள்ளும். வெயிலில் அசையாமல் தொங்கினால் அந்தச் சூடு எங்கே போகும்? இனிமேல் மேலே வெள்ளைத் துணியால் நிழல் கட்டுவேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு பவர் பேங்கிலிருந்து மின்சாரம் கொடுப்பேன். வைஃபை, ஜிபிஎஸ், திரை மூன்றையும் அணைத்துவிடுவேன். முக்கியமாக, ஒரே மூச்சில் எடுக்கப்போவதில்லை. அணிகள் இடம் மாறும்போது நிறுத்தி, அடுத்த பிட்சர் பழகி முடிப்பதற்குள் மறுபடி தொடங்கவேண்டும். கேமராவும் ஆறும். இன்னிங்ஸ் வாரியாகக் கோப்பும் பிரிந்திருக்கும். இதுவரை கேமராவே 4 ஜிபிக்கு ஒன்றாக, ஒன்பது நிமிஷத்துக்கு ஒன்றாக வெட்டி வைத்ததில் எது எங்கே என்று தேடியே பாதி ராத்திரி போய்க்கொண்டிருந்தது.

ஏப்ரல் 26, சனி

சின்னவள் முதல் பேஸில் நின்றாள். பிட்சர் வீசும்போதே அம்பயர் கை தூக்கினார். அவுட். பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே பேஸை விட்டுவிட்டாளாம்.

வண்டியில் ஏறியது முதல் அழுகை. "நான் சீக்கிரம் கிளம்பவே இல்லம்மா. எப்பவும் போறப்பதான் போனேன்." எனக்கும் அம்பயர் மேல் கோபம் இருந்தது. பொய் சொல்கிற பிள்ளை இல்லை அவள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தூங்கட்டும் என்று காத்திருந்து திறந்தேன். நல்லவேளை, இன்றைக்கு 4கே-யில், நொடிக்கு 60 ஃபிரேமில் எடுத்திருந்தேன். படத்தை இரண்டு இடத்தில் பெரிதாக்கினேன். ஒன்று பிட்சரின் இடுப்பு, இன்னொன்று முதல் பேஸ். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன்.

பிட்சரின் கை கீழே இறங்குகிறது. மஞ்சள் பந்து இன்னும் விரல்களுக்குள். அதே ஃபிரேமின் வலது ஓரத்தில், சின்னவளின் இடது காலணிக்கும் பேஸின் வெள்ளை விளிம்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய மண் கோடு. அடுத்த ஃபிரேமில் அந்தக் கோடு அகலமாகிறது. பந்து இன்னும் கையில்தான். அதற்கடுத்ததிலும் கையில்தான். நான்காவதில்தான் விரலை விட்டு வெளியே வருகிறது.

மூன்று ஃபிரேம். நொடியில் இருபதில் ஒரு பங்கு. வெறுங்கண்ணால் அதைப் பிடித்தாரே அந்த அம்பயர்!

பந்தைக் குட்டியாக்குகிறது என்று நான் நொந்துகொண்ட அதே அகல லென்ஸ்தான் வீசும் கையையும் ஓடும் காலையும் ஒரே படத்தில் வைத்திருக்கிறது. பந்தைத் துரத்தும் கேமராவாக இருந்தால் இந்தக் கால் படத்திலேயே இருந்திருக்காது.

ஏப்ரல் 27, ஞாயிறு

காட்டலாமா வேண்டாமா என்று காலை முழுக்க யோசித்தேன். காட்டினேன். அவளே விசையை அழுத்தி முன்னும் பின்னும் ஓட்டினாள். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நம்ம பிட்சரோடத இதே மாதிரி போடு" என்றாள்.

எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. எங்கள் பிட்சரின் முன்கால் தரையில் பதிந்த 4 ஃபிரேமில் பந்து வெளியே வருகிறது. நேற்றைய பிட்சருக்கு 7 ஃபிரேம். சின்னவள் கண் வைத்திருந்தது அந்த முன்காலில். அது பதிந்த நாலாவது ஃபிரேமில் பேஸை விட்டிருக்கிறாள், எங்கள் பிட்சருக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற மாதிரி. "எப்பவும் போறப்பதான் போனேன்" என்று அவள் சொன்னது உண்மை. பிட்சர்தான் வேறு.

ஏப்ரல் 29, செவ்வாய்

பயிற்சி. கோச்சிடம் காட்டினேன். காலைப் பார்க்காதே, இடுப்புப் பக்கம் கை வருவதைப் பார் என்றார். இடது கால் பேஸின் முன் விளிம்பில், வலது கால் பின்னால். உடம்பைப் பின்னால் சாய்த்து, பிறகு முன்னால் உருண்டு கிளம்பவேண்டும். நாற்பது தடவையாவது செய்திருப்பாள்.

மே 3, சனி

வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது இது கண்ணில் பட்டது. வலது பக்க அவுட்ஃபீல்டில் நிற்கும் எங்கள் ரைட் ஃபீல்டர் அதிகம் பேசாத பெண். அந்தப் பக்கம் பந்து வருவதே அபூர்வம். உட்களத்தில் பந்து உருளும் ஒவ்வொரு தடவையும், எல்லோர் கண்ணும் முதல் பேஸுக்கு வரும் எறிதலின்மேல் இருக்கும்போது, அவள் முதல் பேஸுக்குப் பின்னால் ஓடி வந்து நிற்கிறாள். எறிதல் தவறினால் பிடிப்பதற்காக. தவறவில்லை என்றதும் திரும்பி நடந்து தன் இடத்துக்குப் போகிறாள். எண்ணிப் பார்த்தேன். இன்றைய ஆட்டத்தில் மட்டும் 11 தடவை. ஒரு தடவைகூடப் பந்து அவளிடம் வரவில்லை. ஒரு தடவைகூட அவள் ஓடாமல் இருக்கவில்லை.

அந்த 11 துண்டுகளையும் சேர்த்து ஒட்டினேன். ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகம்.

மே 6, செவ்வாய்

பயிற்சிக்கு முன்னால் எல்லோருக்கும் அதைப் போட்டுக் காட்டினேன். முதலில் யாருக்கும் எதைப் பார்ப்பது என்றே புரியவில்லை. நாலாவது துண்டில் முதல் பேஸ் ஆடும் பெண், "ஏய், என் பின்னாடி நீதானா!" என்று கத்தினாள். ரைட் ஃபீல்டர் தலையைக் குனிந்துகொண்டாள். கிளம்பும்போது என் அருகில் வந்து, "ஆன்ட்டி, அதை எங்கம்மாவுக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டாள். அங்கேயே நின்று அனுப்பினேன்.

மே 10, சனி

அதே எதிரணி, அதே பிட்சர். அவள் பழகி வீசும்போதெல்லாம் சின்னவள் வேலி ஓரமாக நின்று உதடசைத்துக்கொண்டிருந்தாள். எண்ணுகிறாள் என்று புரிந்தது. நான் கேமராவைச் சரிபார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

நாலாவது இன்னிங்ஸில் முதல் பேஸ் ஏறினாள். அடுத்த வீச்சிலேயே இரண்டாவது பேஸை நோக்கிக் கிளம்பினாள். அம்பயர் கை எழவில்லை. ஆனால் அந்தக் கேட்சர் எறிந்தது அவளுக்கு முன்பே நேராக அந்த பேஸுக்கு வந்து சேர்ந்தது. அவுட்.

இந்தத் தடவை அழவில்லை. ஆட்டம் முடிந்ததும் கையுறையைக்கூடக் கழற்றாமல் வேலிக்கு ஓடி வந்தாள்.

"எத்தனை ஃபிரேம்மா?"

வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றேன், கேட்கவில்லை. அங்கேயே வேலி நிழலில் உட்கார்ந்து, கார்டைக் கழற்றி மடிக்கணினியில் போட்டுப் பார்த்தோம்.

ஒன்று. பந்து கையை விட்ட பிறகு.