உளுந்துச் செடியைப் பெயர்த்து வேரைப் பாருங்கள்

போன தை மாதம் நெல் தரிசில் தெளித்த உளுந்து முப்பது நாள் பயிராக இருந்தபோது, ஒரு செடியை மண்ணோடு வெட்டியெடுத்து வாய்க்கால் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். ஆணிவேரை ஒட்டி மிளகு மிளகாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளினேன், உள்ளே நல்ல சிவப்பு. வரப்பிலேயே உட்கார்ந்து இன்னும் நாலைந்தைக் கிள்ளிப் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஏனென்றால் அதற்கு முந்தைய வருஷமும் வேரில் முடிச்சு உண்டாக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா உரத்தை விதையோடு கலந்துதான் தெளித்தேன், அப்போது முடிச்சு அங்கொன்றும் இங்கொன்றுமாக, கிள்ளினால் வெளுப்பாக இருந்தது. தப்பு என் கையில்தான். விதையில் ஒட்டுவதற்கு ஊற்றும் அரிசிக் கஞ்சி சூடு ஆறுவதற்குள் கலந்தேன், அதோடேயே பூஞ்சாண மருந்தையும் போட்டுப் புரட்டினேன், சீக்கிரம் காயட்டும் என்று களத்து வெயிலில் பரப்பினேன். மூன்றுமே பாக்டீரியாவைக் கொல்லும் வேலை. உயிர் உரம் என்று பெயரிலேயே இருக்கிறது, ஆனால் யூரியா மூட்டையைப் போலத்தான் அதைக் கையாளுகிறோம்.

அந்தச் சிவப்புக்கு லெக்ஹீமோகுளோபின் என்று பெயர், நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரன். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தாலும் செடியால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா, நைட்ரஜனேஸ் என்ற நொதியை வைத்து அதை அமோனியாவாக மாற்றித் தருகிறது, பதிலுக்குச் செடி சர்க்கரை கொடுக்கிறது. ஆனால் ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும், ஆக்சிஜனே இல்லாவிட்டாலோ பாக்டீரியா மூச்சுவிட முடியாது, அதனால் அளந்து அளந்து கொடுக்கத்தான் இந்தச் சிவப்புச் சரக்கு. உள்ளே சிவந்திருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் டெல்டா வயலில் நெல்லுக்காக மாசக்கணக்கில் தண்ணீர் நிற்பதால் மண்ணில் இருக்கும் ரைசோபியம் குறைந்துபோகும், அதனால் விதையோடு கொடுப்பது இங்கே ரொம்ப அவசியம் என்று நினைக்கிறேன்.

சரி, இந்த முறை செய்தது இதுதான். பூஞ்சாண மருந்தை முதல் நாளே விதையில் கலந்து வைத்துவிட்டேன். மறுநாள் நன்றாக ஆறிய அரிசிக் கஞ்சியில், பத்து கிலோ விதைக்கு 200 கிராம் பாக்கெட் ஒன்று என்ற கணக்கில் கரைத்து, விதைமேல் கருப்பாகப் படியும்படி பிசறி, திண்ணை நிழலில் அரைமணி நேரம் சாக்கில் பரப்பி, அன்றைக்கே தெளித்தாயிற்று. பாக்கெட் வாங்கும்போது தேதியையும் எந்தப் பயிருக்கு என்பதையும் பாருங்கள். உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு எல்லாம் ஒரு கூட்டம், சோயாவுக்கும் கொண்டைக்கடலைக்கும் வேறு வேறு பாக்டீரியா.

பக்கத்து வயல் சித்தப்பா, "இதெல்லாம் எதுக்குப்பா, ஒரு கை யூரியா வீசினா பச்சையாயிடும்" என்றார். பச்சையாகும், உண்மைதான். ஆனால் மண்ணிலேயே தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், தாராளமாகக் கிடைத்தால் செடி அதிகம் முடிச்சு வைக்காது, சர்க்கரையைச் செலவழித்து பாக்டீரியாவை வளர்க்க அதற்கு என்ன தேவை? அவரையும் கூட்டிப்போய் இரண்டு வயலிலும் ஒவ்வொரு செடி எடுத்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்கணும் என்று மட்டும் கேட்டார்.

பார்ப்பதாக இருந்தால் பூக்கிற சமயத்துக்குள் பாருங்கள். காய் முற்றும்போது முடிச்சு பச்சை பாரித்துச் சுருங்கிவிடும், அப்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. கையால் பிடுங்காதீர்கள், முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும், மண்வெட்டியால் பெயர்த்தெடுங்கள்.